இணைந்த படமும் இணையாத காலமும்: பெட்-சீ.ரீ. ஆய்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்றவுடன் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. அறிவியல் ஆய்வுக் கட்டுரையும் மனிதர் மனிதருக்காக எழுதிய ஓர் ஆக்கமே என்பதும், அதுவும் சில எடுகோள்களின்மீது நின்று, சிலவற்றை முன்னிறுத்தி, வேறு சிலவற்றைப் பின்னே வைத்து, வாசகரை ஒரு முடிவை நோக்கி அழைத்துச் செல்கின்றது என்பதும் நம்மிடையே போதிய அளவு உணரப்படவில்லை. அத்தகைய ஆக்கம் ஒன்றை விமர்சன நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'ஜேர்னல் ஒஃப் நியூக்கிளியர் மெடிசின்' என்னும் அமெரிக்க அணுமருத்துவச் சஞ்சிகையில், புற்றுநோய் மருத்துவத்துக்கென அமைக்கப்பட்ட இணைந்த பெட்-சீ.ரீ. கருவி பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதன் பின்னால் நின்ற முதன்மை ஆய்வாளர் டேவிட் ரவுண்சென்ட் ஆவார். அக்கட்டுரையின் கணிதத்தைப் பௌதிகவியலாளர் மதிப்பிடுவர். ஆயின், ஒரு படம் எதற்குச் சாட்சி, எவ்வளவுக்குச் சாட்சி என்னும் வினா கலைப்பீட மாணவருக்கும் உரியதே. புற்றுநோய் உடலின் ஓரிடத்தில் மட்டும் உள்ளதா, வேறிடங்களுக்கும் பரவிவிட்டதா, சத்திரசிகிச்சையால் பயனுண்டா என்பன போன்ற தீர்மானங்கள் இன்று பெருமளவுக்கு இப்படத்தின் வாசிப்பிலே தங்கியுள்ளமையால், இவ்வினா வெறும் தத்துவ வினாவுமன்று.

முதலில் இப்படம் எவ்விரண்டின் இணைப்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். சீ.ரீ. என்பது எக்ஸ்-கதிர்களைப் பல திசைகளிலிருந்து உடலினூடாகச் செலுத்தி, அவை எவ்வளவு நலிந்து வெளிவருகின்றன என்பதை அளந்து, அவ்வளவீடுகளிலிருந்து உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணனியால் மீளக் கட்டியெழுப்பும் முறையாகும். 1971 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி இலண்டனின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியால் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படமாக்கப்பட்டது. இம்முறையின் கணித அடிப்படையைத் தனியே ஆராய்ந்திருந்த அலன் கோர்மாக்குடன் அவர் 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சீ.ரீ. நமக்குக் காட்டுவது உடலின் அமைப்பு. எலும்பு எங்கே, ஈரல் எங்கே, கட்டி எவ்வளவு பெரியது என்பனவற்றை அது நுணுக்கமாகச் சொல்லும். ஆயின், அக்கட்டி உயிர்ப்புடன் வளர்கின்றதா, சிகிச்சையால் இறந்து வெறும் வடுவாகக் கிடக்கின்றதா என்பதைச் சொல்ல அது பெரும்பாலும் வல்லதன்று.

பெட் முறை இதற்கு முற்றிலும் வேறானது. இங்கே கதிர் உடலுக்கு வெளியிலிருந்து செல்வதில்லை, உடலுக்குள்ளிருந்தே வருகின்றது. புளோரின்-18 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி இணைக்கப்பட்ட ஒருவகைக் குளுக்கோசு நோயாளியின் குருதியிற் செலுத்தப்படும். குளுக்கோசை மிகுதியாக உட்கொள்ளும் கலங்களில் அது தேங்கும். புளோரின் அணு சிதையும்போது வெளிப்படும் பொசித்திரன் அண்மையிலுள்ள இலத்திரனைச் சந்தித்து, இரண்டும் அழிந்து, ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்களாகப் பறக்கும். உடலைச் சூழ்ந்த உணரிகள் அவ்விரண்டையும் ஒருங்கே பற்றும்போது, அவை புறப்பட்ட இடம் எந்த நேர்கோட்டில் உள்ளது என்பது தெரியவரும். புற்றுக்கலங்கள் வழமைக்கு மாறாகக் குளுக்கோசை நாடுகின்றன என்பதை ஜேர்மனியில் ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே அவதானித்திருந்தார். இந்தக் குளுக்கோசு 1976 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. பெட் நமக்குக் காட்டுவது உடலின் செயல். ஆயின், ஒளிரும் புள்ளியொன்று எவ்வுறுப்பில் உள்ளது என்று அதனிடம் கேட்டால் அது தடுமாறும். எல்லைக்கோடுகள் மங்கிய அப்படத்தில், நிணநீர்க்கணுவும் அதனருகிலுள்ள குடலும் ஒன்றாகவே தோன்றக்கூடும்.

இவ்வாறு ஒன்றுக்கு இடம் தெரியும், உயிர்ப்புத் தெரியாது. மற்றொன்றுக்கு உயிர்ப்புத் தெரியும், இடம் தெரியாது. இரண்டையும் இணைத்துப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் ரவுண்சென்டுக்கு முன்னரும் இருந்தது. வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு கருவிகளில் எடுத்த படங்களைக் கணனி மென்பொருளினால் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் முயற்சிகள் நடந்தன. மூளையைப் பொறுத்தவரை அவை நல்ல பயனையும் அளித்தன. மண்டையோடு உறுதியானது, அதனுள் மூளை இடம்பெயர்வதில்லை. மார்பும் வயிறும் அவ்வாறானவையல்ல. நோயாளி படுக்கும் முறை, கையை வைக்கும் நிலை, மூச்சு, குடலின் அசைவு, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் அளவு ஆகிய யாவும் நாளுக்கு நாள் மாறும். மாறிய இரு உடல்நிலைகளை ஒன்றென்று கொண்டு பொருத்துவது இயல்பாகவே இடர்ப்பாடு மிக்கதாயிற்று.

ரவுண்சென்ட் வைத்தியரல்லர், துணிக்கைப் பௌதிகவியலில் பயின்றவர். ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய காலத்தில், 1977 இல், அலன் ஜீவன்சுடன் சேர்ந்து சுண்டெலியொன்றின் பெட் படத்தைப் பெற்றவர். பின்னர் ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில், முழுவளையமாக உணரிகளை அடுக்காது, இரு பகுதிகளாக மட்டும் அமைத்துச் சுழலவிடும் பெட் கருவியொன்றை உருவாக்குவதில் ஈடுபட்டார். செலவைக் குறைப்பதே அவ்வமைப்பின் நோக்கம். உணரிகளுக்கிடையே எஞ்சிய வெற்றிடத்தில் பயனுள்ள வேறொன்றை, குறிப்பாக சீ.ரீ. போன்ற ஒன்றை, வைக்கலாகாதா என அங்கிருந்த புற்றுநோய் வைத்தியர் ஒருவர் வினவினார் என்றும், அதுவே இணைந்த கருவி பற்றிய சிந்தனைக்கு வித்திட்டது என்றும் ரவுண்சென்டே பின்னாளில் எழுதியுள்ளார். ஈற்றில் உருவாகிய கருவியில் சீ.ரீ. அவ்விடைவெளிக்குள் வைக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் வினா பயனுடையதாயிற்று. கருவியைச் செய்பவர் கேளாத கேள்வியை, அதனைப் பயன்படுத்தவேண்டியவர் கேட்டார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1990களில் ரவுண்சென்ட் ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பெட் கருவிகளை உற்பத்தி செய்த நிறுவனத்தைச் சேர்ந்த பொறியியலாளர் ரொனால்ட் நட்டுடன் இணைந்து, அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் நிதியுதவியுடன், 1998 இல் முதல் மாதிரிக் கருவியைப் பிற்ஸ்பேர்க்கில் நிறுவினார். 2000 ஆம் ஆண்டின் கட்டுரை இக்கருவியையே விவரிக்கின்றது. ஏற்கெனவே பாவனையிலிருந்த ஒரு சீ.ரீ. கருவியும் ஒரு பெட் கருவியும் ஒரே கூட்டினுள், ஒரே சுழல்தாங்கியில் பொருத்தப்பட்டன. நோயாளி ஒரே படுக்கையில் கிடப்பார். படுக்கை முதலில் சீ.ரீ. பகுதியினூடாகவும் பின்னர் பெட் பகுதியினூடாகவும் நகரும். 100 சென்ரிமீற்றர் நீளமான உடற்பகுதியை ஒரு மணித்தியாலத்துக்குள் படமாக்க முடிந்தது. கட்டுரையின் நடை அடக்கமானது. புதிய பௌதிக விதி எதனையும் கண்டதாக அது உரிமை கோரவில்லை; இருந்த இரண்டை ஒன்றுசேர்த்த முறையையே அது சொல்கின்றது. ஆயின், அவ்வடக்கத்துக்குள் இரு பெரிய கருத்துக்கள் உள்ளன. அவற்றைப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பொருத்தம் என்பதைப் படம் எடுத்தபின் செய்யும் வேலையாகக் கொள்ளாது, படம் எடுப்பதற்கான முன்நிபந்தனையாக மாற்றியமை. உடல் எழுந்து செல்லவில்லை; படுக்கை மாறவில்லை; எனவே இரு படங்களுக்கும் பொதுவான ஆள்கூற்றுத் தொகுதி ஒன்று இயல்பாகவே கிடைக்கின்றது. இரண்டாவது, சீ.ரீ. தரவுகளைக் கொண்டு பெட் தரவுகளைத் திருத்தியமை. உடலின் ஆழத்திலிருந்து புறப்படும் காமாக் கதிர்களுள் ஒரு பகுதி, வெளியே வருமுன் இழையங்களால் தடுக்கப்பட்டுவிடும். எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதை அறிந்தாலன்றி உள்ளேயிருந்த அளவைக் கணிக்க முடியாது. முன்னர் இதற்கெனத் தனியான கதிர்மூலமொன்றைக் கொண்டு நீண்டநேரம் அளவிட்டனர். பிற்ஸ்பேர்க் குழுவினர் சீ.ரீ. படத்திலிருந்தே இதனைக் கணித்தனர். எக்ஸ்-கதிரின் சக்தியும் 511 கிலோ இலத்திரன்வோற்றுக் காமாக் கதிரின் சக்தியும் வேறானவை. ஆதலின், ஒன்றின் நலிவிலிருந்து மற்றதன் நலிவை ஊகிக்க ஒரு மாற்றீட்டு முறை தேவைப்பட்டது. போல் கினாகன் முதலியோர் 1998 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழிவகுத்தது. இதனால் நேரம் மிச்சமாயிற்று. படத்தின் தரமும் உயர்ந்தது.

இவ்விணைப்பின் உண்மையான வலிமையை, ஆய்வாளர்கள் முன்கூட்டி எதிர்பாராத ஒரு விடயத்தால் விளக்கலாம். பெட் படங்களில் சிலருக்குக் கழுத்திலும் தோள்பட்டைக் குழியிலும் இருபுறமும் ஒளிர்வு தென்படுவதுண்டு. மன இறுக்கத்தால் தசைகள் முறுகியிருப்பதே காரணம் எனக் கருதப்பட்டது. இணைந்த கருவிகள் வந்தபின், 2002, 2003 ஆம் ஆண்டுகளில் சூரிச்சிலும் பல்ரிமோரிலும் ஆய்வாளர்கள் அவ்வொளிர்வை சீ.ரீ. படத்துடன் ஒப்பிட்டபோது, அது பல இடங்களில் தசையில் அன்றிக் கொழுப்பிலே விழுந்திருந்தது. உடல்வெப்பத்தைப் பேணுவதற்காகச் சக்தியை எரிக்கும் பழுப்புக் கொழுப்பு அது. குழந்தைகளிடம் மிகுந்து காணப்படும் இவ்விழையம் வளர்ந்தவரிடம் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. வளர்ந்தவரிடமும் அது தொழிற்படுகின்றது என்பதை 2009 இல் வெளிவந்த ஆய்வுகள் நிலைநாட்டின. இங்கே நடந்தது யாது? செயலைக் காட்டிய படம் தவறாக வாசிக்கப்பட்டிருந்தது. அமைப்பைக் காட்டிய படம் அவ்வாசிப்பை மறுத்தது. இரு படங்களும் ஒன்றையொன்று ஆமோதித்ததால் அன்றி, ஒன்று மற்றொன்றை வினாவியதாலேயே புதிய அறிவு பிறந்தது.

இனி, இதன் மறுபக்கத்தை நோக்குவோம். மாதிரிக் கருவியில் சீ.ரீ. பகுதியின் மையத்துக்கும் பெட் பகுதியின் மையத்துக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் தூரம் இருந்தது. ஆகவே, உடலின் ஒரே இடத்தை இரண்டும் ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. இதனினும் முக்கியமானது, அவை பார்க்கும் காலத்தின் அளவு வேறுபடுவதாகும். சீ.ரீ. ஒரு மூச்சளவுக்குள் மார்பைப் படமாக்கிவிடக்கூடியது. பெட் ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்கள் நின்று கதிர்களைத் திரட்டுகின்றது. அந்நிமிடங்களில் நோயாளி பலமுறை மூச்சை உள்ளிழுத்து வெளிவிடுகின்றார். எனவே, ஒன்று கணத்தின் படம். மற்றொன்று பல கணங்களின் சராசரி. இடத்தால் இணைந்தவை காலத்தால் இணையவில்லை.

இதன் விளைவு கற்பனையானதன்று. பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழுவினர் 300 நோயாளரின் படங்களை ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட கட்டுரையில், 6 பேரிடம் ஈரலின் மேற்பகுதியிலிருந்த புற்று, இணைந்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதியில் இருப்பதுபோலத் தோன்றியமையை எடுத்துக்காட்டினர். நோயாளி மூச்சை உள்ளிழுத்து நிற்கும்போது பிரிமென்றகடு கீழிறங்கும், அக்கணத்தில் சீ.ரீ. படத்தில் நுரையீரல் நிற்கும் இடத்தில், சாதாரண மூச்சின்போது ஈரல் நிற்கும். நூற்றுக்கு இருவர் என்பது சிறிய விகிதமே. ஆயினும், ஈரலிலுள்ள கட்டியை நுரையீரலிலுள்ளதென்று கொள்வது, நோயின் கட்டத்தையும் சிகிச்சையின் போக்கையும் மாற்றிவிடக்கூடியது என்பதை மறத்தலாகாது. குறைபாடு கருவியின் பழுதால் ஏற்பட்டதன்று. அசையும் உடலை அசையாப் பொருளாகக் கொண்ட எடுகோளினால் ஏற்பட்டது. இதன்பின் மூச்சுவிடும் முறையை ஒழுங்குபடுத்தியும், மூச்சின் கட்டங்களுக்கேற்பத் தரவுகளைப் பிரித்தும் இக்குறையைக் குறைக்கும் வழிகள் வகுக்கப்பட்டன.

திருத்தம் என நாம் மேலே பாராட்டிய இரண்டாவது கருத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. பல்லில் அடைத்த உலோகமோ செயற்கை இடுப்புமூட்டோ சீ.ரீ. படத்தில் மிகையான நலிவாகப் பதியும். அதனைக் கொண்டு பெட் தரவைத் திருத்தும்போது, அவ்வுலோகத்தின் அருகே இல்லாத ஒளிர்வு தோன்றிவிடும். ஒரு சாட்சியின் தவறு மற்றச் சாட்சியின் கூற்றாக மாறுகின்றது. இரு சாட்சிகள் ஒத்துரைப்பதற்கு நாம் அளிக்கும் மதிப்பு, அவை தனித்தனியே கண்டன என்னும் நம்பிக்கையால் எழுவது. ஒன்றிலிருந்து மற்றொன்று திருத்தப்பட்டிருப்பின், அவ்வொற்றுமைக்கு எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்று கேட்பது நியாயமே. அனுபவமிக்க கதிரியலாளர் ஐயம் எழுமிடத்தில் திருத்தப்படாத பெட் படத்தையும் எடுத்துப் பார்ப்பதன் காரணம் இதுவேயாகும். பாடபேதங்களை ஒப்பிடும் பதிப்பாசிரியர், ஒரு சுவடி மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டதா என முதலில் ஆராய்வதும் இதே நியாயத்தாலேயாம்.

இணைந்த படத்தில் அமைப்பு சாம்பல் நிறத்திலும் செயல் செம்மஞ்சள் நிறத்திலும் காட்டப்படுவது வழக்கம். இந்நிறம் உடலில் உள்ளதன்று. எந்த அளவுக்கு மேற்பட்ட கதிர்த்தேக்கம் ஒளிரவேண்டும் என்பது காட்டுவோரின் தெரிவு. அதனை மாற்றினால் புள்ளி பெருக்கும், சிறுக்கும், மறையும். மேலும், ஒளிர்வது யாவும் புற்றன்று. மூளை எப்போதும் ஒளிரும், சிறுநீர்ப்பை ஒளிரும், அழற்சியுற்ற இழையம் ஒளிரும். காசநோயின் கணுக்களும் குளுக்கோசை மிகுதியாக ஏற்று ஒளிர்வன. அந்நோய் இன்னும் பரவலாகவுள்ள தென்னாசிய நாடுகளில், மேலைநாட்டு வாசிப்பு விதிகளை அவ்வாறே கைக்கொள்ளுதல் ஆபத்தானது. மறுபுறம், மெதுவாக வளரும் சில புற்றுக்கள் ஒளிர்வதேயில்லை. ஆகவே, 'படம் சொல்கின்றது' என்று நாம் பேசுவது ஒரு சுருக்க வழக்கே. சொல்பவர் வாசிப்பவர். நோயாளியின் வரலாறு, வாழிடம், முன்னைய நோய்கள் ஆகியவற்றை அறியாத வாசிப்பு, சமூகப் பின்னணியை அறியாது இலக்கியத்தை மதிப்பிடும் வாசிப்பைப் போன்றே குறைபாடுடையது.

நமது விமர்சன உலகில் உருவம், உள்ளடக்கம் என்னும் இரண்டையும் பற்றிய விவாதம் நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. பெட்-சீ.ரீ. படத்தைக் கண்டு, உருவமும் உள்ளடக்கமும் ஒன்றிணைந்துவிட்டன என்று உவமை கூறுவது எளிது. ஆயின், இங்கு நாம் கண்டது அதனினும் வேறான ஒன்று. இணைப்பு முரண்பாட்டை அழிக்கவில்லை. முரண்பாடு வெளிப்படுவதற்கான களத்தை அமைத்தது. பழுப்புக் கொழுப்பின் உண்மையும் ஈரற் கட்டியின் பொய்த்தோற்றமும் அக்களத்திலேயே வெளிப்பட்டன. இணைப்பின் தையலை அறிந்து வாசித்தவர் முதலாவதைக் கண்டறிந்தனர். அதனை மறந்து வாசிப்பவர் இரண்டாவதில் ஏமாறுவர்.

ஈற்றில், இவ்வாய்வு பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட முறை பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். 'ரைம்' சஞ்சிகை இக்கருவியை 2000 ஆம் ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பாக அறிவித்தது. 2001 இல் இது வணிகக் கருவியாக வெளிவந்தது. சில ஆண்டுகளுள் தனித்த பெட் கருவிகளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ரவுண்சென்டும் நட்டும் 2010 இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் நிறுவனத்தின் பதக்கத்தையும் பெற்றனர். இப்புகழ் தகுதியானதே. ஆயின், 2000 ஆம் ஆண்டின் கட்டுரையில் பத்துப் பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது, இக்கருவியைத் தன் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குரிய பொருளாகக் கொண்ட தோமஸ் பேயர் என்பவரது. அப்பத்துப் பேருக்குப் பின்னால் ஹவுன்ஸ்பீல்ட், கோர்மாக், வார்பேர்க், கதிர்க்குளுக்கோசைத் தொகுத்த இரசாயனவியலாளர் ஆகியோரும், பெயர் பதியப்படாத தொழினுட்பவியலாளரும், புதிய கருவியினுள் நம்பிக்கையுடன் படுத்த நோயாளரும் நிற்கின்றனர். தனிமனித மேதைமையின் கதையாக இதனைச் சொல்வது, பல கூறுகளை ஒன்றாகக் காட்டும் படத்தைத் தையலின்றிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

தொகுத்து நோக்கின், ரவுண்சென்ட் குழுவினரின் பணி மருத்துவப் படமாக்கலில் ஒரு திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. தனித்தனியே இருந்து ஒன்றையொன்று கேளாத இரு சாட்சிகளை அது ஒரே படுக்கையின் அருகே நிறுத்தியது. அவை சொல்வதை ஒப்பிட்டு, எங்கே ஒத்துரைக்கின்றன, எங்கே முரண்படுகின்றன, எங்கே ஒன்று மற்றொன்றின் வாயிலாகப் பேசுகின்றது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அது வாசிப்பவரிடமிருந்து எடுத்துவிடவில்லை, கூட்டியே உள்ளது. படுக்கையிற் கிடப்பவருக்குத் தன் படத்தை வாசிக்கத் தெரியாது. அவருக்காக வாசிப்பவர், அழகிய நிறத்தில் தோன்றும் அவ்வொரு படத்தில் ஒரு கணமும் பல நிமிடங்களும் கலந்துள்ளன என்பதை நினைவிற்கொள்வாராயின், இக்கருவியின் முழுப்பயனும் நோயாளியைச் சென்றடையும்.